ஜெர்மன் பாராசூட்டா? நிறத்தை நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள்

இரண்டாம் உலகப் போர்க்காலப் பொருட்களைப் பார்த்து மதிப்புச் சொல்வது என் தொழில். பாராசூட் துணி வந்தால் கூடவே ஒரு கதையும் வரும்: "பச்சையும் பழுப்புமாக இருக்கிறது பாருங்கள், கிரீட் தீவில் குதித்த ஜெர்மன் வீரனுடையது." விலை துணிக்கல்ல, அந்தக் கதைக்கு.

ஜெர்மன் பாராசூட்டுகள் முதலில் வெள்ளைப் பட்டில்தான் இருந்தன. தரையில் விரிந்து கிடக்கும் வெள்ளைத் துணி, குதித்தவன் எங்கே பதுங்கியிருக்கிறான் என்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பச்சை, பழுப்புத் திட்டுகள் கொண்ட துணி வந்தது. 1941 மே மாதம் கிரேக்கத் தீவான கிரீட்டை ஜெர்மனி வானிலிருந்து தாக்கியபோது அதையும் பயன்படுத்தினார்கள். சரி, பிரச்சினை என்ன? அமெரிக்கரும் பிரிட்டிஷாரும்கூட அதேபோன்ற திட்டுத் துணிகளைப் பயன்படுத்தினார்கள்.

நான் முதலில் பார்ப்பது நூலை. உரிமையாளர் சம்மதித்தால், தையலோரம் பிரிந்து தொங்கும் ஓர் இழையை மட்டும் எடுத்துக் கொளுத்துவேன். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். நைலான் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். ஜப்பானியப் பட்டு நின்றுபோனதும் அமெரிக்கா நைலானுக்கு மாறியது. மணி உருண்டால் 'கிரீட் 1941' கதை அங்கேயே முடிந்தது. பட்டாக இருந்தால் மட்டும் ஜெர்மன் என்று ஆகிவிடாது. அப்புறம் முத்திரையைத் தேட வேண்டும்: ஆர்.இஸட். 16, ஆர்.இஸட். 20 போன்ற ஜெர்மன் பாராசூட் வகைப்பெயர், தயாரிப்பு எண், தேதி.

ஆயுதங்களைத் தனிப் பாராசூட்டில் இறக்கிய தளவாடப் பெட்டிகளில் ஏமாற்று இன்னும் அதிகம். ஜெர்மன் பாராசூட்டில் கயிறுகள் முதுகுப் பக்கம் இணையும். வீரன் முகம் கவிழ்ந்தபடி இறங்கி, முன்பக்கமாக உருண்டு விழுவான். அதனால் பெரும்பாலோர் கைத்துப்பாக்கி, கையெறிகுண்டுகளோடுதான் குதித்தார்கள். ரைஃபிளும் இயந்திரத் துப்பாக்கியும் தனிப் பெட்டியில் இறங்கின. கிரீட்டில் பெட்டியை எட்டுவதற்குள் செத்தவர்கள் ஏராளம். தன் குழுவின் பெட்டியைத் தூரத்திலேயே அடையாளம் காணத்தான் அதில் வண்ணப் பட்டைகள். பெட்டியின் பாராசூட்டுக்கும் நிறம். தரையிலிருந்து விமானத்துக்குக் காட்டும் அடையாளங்களும் இருந்தன. கிரீட்டின் ரெதிம்னோ நகரில் அவை, தீவைக் காத்து நின்ற ஆஸ்திரேலியர் கையில் சிக்க, அவர்கள் அதே அடையாளங்களை விரித்துவைத்து ஜெர்மன் விமானங்களிடமிருந்தே சரக்கு வாங்கிக்கொண்டார்கள்!

பட்டை தெளிவாக இருந்தால் விலை ஏறும் என்பதால் இப்போது அதை வரைந்தே விற்கிறார்கள். பெட்டியின் ஒரு முனையில் நெளிநெளியான உலோக உருளை இருக்கும். தரையில் மோதும்போது நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதற்காக. நசுங்கிய மடிப்புக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய பெயின்ட் மடிப்பில் வெடித்து உரிந்திருக்கும். மடிப்புக்குள்ளும் வழுவழுவென்று ஓடியிருந்தால், நசுங்கிய பிறகு அடித்த பெயின்ட்.

"இளஞ்சிவப்புப் பாராசூட் அதிகாரிக்கு மட்டும்" என்று சொல்லி இரட்டை விலை கேட்பவர்களும் உண்டு. முத்திரையும் வந்த வழியும் தெரியாமல் நிறத்துக்காக நான் ஒரு பைசா கூட்டிச் சொல்வதில்லை.

மண்ணிலிருந்து தோண்டிய, இன்னும் திறக்காத பெட்டி என்று யாராவது காட்டினால் பேரமே வேண்டாம். உள்ளே கையெறிகுண்டோ மோர்ட்டார் குண்டோ இருக்கலாம். 80 வருடத் துருவில் அது எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தட்டாமல், தூக்காமல், விலகி வந்து காவல்துறைக்குச் சொல்லுங்கள். மதிப்பீட்டுக்கென்று எனக்குப் படம் எடுக்கவும் கிட்டே போகாதீர்கள்.