மீன் குளா எண்ணெயில் வெடிக்காதது ஏன்?

மாலத்தீவுத் தேநீர்க் கடைகளில் மாலையில் பரப்பி வைக்கும் பலகாரங்களை மொத்தமாக ‘ஹெதிகா’ என்பார்கள். அவற்றில் ஒன்று குளா. சின்ன எலுமிச்சை அளவு உருண்டை. மெல்லிய மாவுத் தோலுக்குள் புகையூட்டிய சூரை மீன், தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய், இஞ்சி. நாலாபுறமும் மூடிய உருண்டையைக் காய்ந்த எண்ணெயில் போட்டால், உள்ளே ஈரம் மிகுந்திருக்கும் பட்சத்தில் நீராவி தோலைக் கிழித்துவிடும். பச்சை மீன் வைத்தால் அந்த ஆபத்து அதிகம்.

எனவே ஈரத்தைக் குறைக்கும் வேலை வாணலிக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. உப்பு நீரில் அவிக்கும்போது மீனின் தசைப் புரதங்கள் சுருங்கி நீரைக் கக்குகின்றன. மிச்சத்தில் ஒரு பங்கைப் புகை எடுத்துக்கொள்கிறது. புகையிலுள்ள ஃபீனால்கள் என்ற வேதிப்பொருள்கள் கிருமிகளையும் அடக்கும். வெயிலிலும் நன்றாகக் காய்ந்துவிட்டால் அதுதான் நம் கடைகளில் கிடைக்கும் மாசிக் கருவாடு. 14ஆம் நூற்றாண்டில் அங்கே காஜியாக, அதாவது நீதிபதியாக இருந்த மொராக்கோப் பயணி இப்னு பதூதா, மீனை நான்காக வெட்டி, லேசாக வேகவைத்து, ஓலைக்கூடையில் புகைமூட்டியதை எழுதி வைத்திருக்கிறார்.

அவிப்பதில் அவசரமும் உண்டு. சூரையின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். வெக்கையில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பிறகு எவ்வளவு பொரித்தாலும் அந்த நஞ்சு போகாது.

அடுத்து வெங்காயம். உப்பும் எலுமிச்சைச் சாறும் விட்டுக் கையால் நன்றாகப் பிசைகிறார்கள். உப்பு இழுத்துவிடும் சாற்றை யாரும் கொட்டுவதில்லை, உலர்ந்த மீனும் தேங்காய்ப்பூவும் குடித்துக்கொள்ளும். எனக்குப் பிடித்த கட்டம் இதுதான்: காரமும் புளிப்பும் மீனுக்குள் இறங்குகிறது, சொட்டு நீர் தேங்குவதில்லை.

எண்ணெய் சுமார் 170 முதல் 180 டிகிரி செல்சியஸ். தோலின் ஈரம் ஆவியாகிச் சடசடவென்று குமிழியிடும். வெளியே பாயும் அந்த ஆவியே எண்ணெயை உள்ளே விடாது. ஈரம் போன மேல்தோல் மட்டும் 100 டிகிரியைத் தாண்டிச் சிவக்கிறது. பூரணம் ஏற்கெனவே வெந்தது, சூடேறினால் போதும்.

எண்ணெய் குடிப்பது பெரும்பாலும் வாணலியை விட்டு எடுத்த பிறகுதான். ஆறும்போது தோலின் நுண்துளைகளில் நீராவி ஒடுங்கி, மேலே ஒட்டிய எண்ணெயை உள்ளே இழுக்கும். அதனால் சூட்டோடு வடியவிட வேண்டும். உருண்டை வடிவமும் எண்ணெயைக் குறைக்கக் கைகொடுக்கிறது; ஒரே அளவு பூரணத்துக்கு மிகக் குறைந்த மேற்பரப்பு அதற்குத்தான். முக்கோணமாக மடிக்கும் பஜியாவிலும் மீன் பூரணம்தான். ஆனால் அதற்குப் பரப்பு கூடுதல். மொறுமொறுப்பும் கூடும், எண்ணெயும் கூடும்.