ஆண் பூனை முக்கினால் விளக்கெண்ணெய் ஊற்றாதீர்கள்

ஆண் பூனை வளர்க்கும் எல்லோருக்கும் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண் டப்பாவில் போய் உட்கார்ந்து, முக்கி, ஒன்றும் வராமல் எழுந்து, ஐந்து நிமிடத்தில் மறுபடியும் போய் உட்காருகிறதா? அதை மலச்சிக்கல் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இரவானாலும் ஞாயிற்றுக்கிழமையானாலும் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

இந்த மாதம் எங்கள் கால்நடை மருத்துவமனைக்கு வந்த ஒரு பூனைதான் இதை எழுத வைத்தது. மூன்று வயது, கருத்தடை செய்தது, வீட்டை விட்டு வெளியே போகாதது. வெள்ளிக்கிழமையே முக்க ஆரம்பித்திருக்கிறது. பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று விளக்கெண்ணெய் கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை ஒரு கிளினிக்கில் "மோஷன் போகல" என்று சொல்ல, அங்கே ஓர் ஊசியும் ஒரு சிரப்பும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஞாயிறு இரவு வாந்தி எடுத்துப் படுத்துவிட்டது. 24 மணி நேர சேவை என்று போர்டு வைத்த இடத்துக்கு ஓடியிருக்கிறார்கள். உள்ளே உதவியாளர் மட்டும்தான் இருந்திருக்கிறார், டாக்டர் காலையில்தான் வருவாராம். அடுத்த இடத்தில் முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்து பார்த்துவிட்டு விடியும்போது எங்களிடம் வந்தார்கள். உடம்பு சில்லிட்டிருந்தது, இதயத் துடிப்பு தள்ளாடிக்கொண்டிருந்தது. மூத்திரப்பை சாத்துக்குடி அளவுக்குக் கெட்டியாகக் கைக்குத் தட்டுப்பட்டது. மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும்போதே இதயம் நின்றுவிட்டது.

"மூணு இடத்துக்குப் போனோம் மேடம், ஒருத்தர்கூட வயித்தைத் தொட்டுப் பாக்கல" என்று அந்த அம்மா அழுதார். அவர் கோபம் நியாயமானது. முக்குகிறது என்று ஓர் ஆண் பூனை வந்தால், வேறு எதுவும் கேட்பதற்கு முன்பே அடிவயிற்றில் கை வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஸ்கேன் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம், அரை நிமிடம் போதும். என் தொழிலில் இருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் சொல்கிறேன்: வீட்டுக்காரர் சொல்கிற நோயின் பெயருக்கு மருந்து எழுதாதீர்கள். இரவில் டாக்டர் இல்லையென்றால் 24 மணி நேரம் என்ற போர்டை இறக்கிவிடுங்கள். அந்த போர்டை நம்பி வருகிறவர்கள் வேறு இடத்துக்குப் போயிருக்கக்கூடிய நேரத்தை உங்கள் வாசலில் இழக்கிறார்கள்.

சரி, இந்த மலச்சிக்கல் விஷயத்துக்கு வருகிறேன். இதை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை. பூனை உட்காரும் விதத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். முதுகை வளைத்து, வாலைத் தூக்கி, முகத்தைச் சுளித்து முக்கும். அதைப் பார்த்துவிட்டு, கூடவே இரண்டு நாளாக மலமும் போகவில்லை என்றவுடன் முடிவு கட்டிவிடுகிறீர்கள். மலம் ஏன் போகவில்லை? வலியில் அது சாப்பிடவே இல்லை, அதனால் போகவில்லை. மண்ணைக் கிளறிப் பாருங்கள். ஈரக் கட்டிகள் இருக்கின்றனவா? வழக்கமாகத் தினமும் இரண்டு மூன்று பெரிய கட்டி இருக்கும். அது இல்லாமல் மண் காய்ந்து கிடந்தாலோ, அங்கங்கே சொட்டு மட்டும் இருந்தாலோ சந்தேகமே வேண்டாம். "ஒரு சொட்டு வந்துச்சு மேடம், அப்ப அடைப்பு இல்லதானே" என்று கேட்கிறார்கள். அடைத்த சிறுநீர்க் குழாயிலும் ஒரு சொட்டு கசியும், சில நேரம் ரத்தத்தோடு கசியும். சொட்டு வந்தது என்று நிம்மதி அடையாதீர்கள். மலம் ஒரு நாள் தள்ளிப் போனால் பூனை சாகாது. சிறுநீர் ஒரு நாள் முழுக்க நின்றால் உயிருக்கே ஆபத்து.

வேறு அறிகுறிகளும் உண்டு. குறியை விடாமல் நக்கும். டப்பாவை விட்டுவிட்டுக் குளியலறைத் தரையிலும் துணிமேலும் உட்கார்ந்து முக்கும். தூக்கினால் கத்தும். வாந்தி வந்து சோர்ந்து படுத்துவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டது, கழிவு உடம்பில் தேங்கிவிட்டது என்று பொருள். அந்தப் பொட்டாசியம்தான் இதயத்தை நிறுத்துகிறது. பெண் பூனைக்குக் குழாய் அகலமாகவும் குட்டையாகவும் இருப்பதால் இப்படி அடைப்பது அபூர்வம். அதற்காகப் பெண் பூனை முக்கினால் விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை, அதையும் காட்டுங்கள்.

வீட்டில் எதையும் கொடுக்காதீர்கள். விளக்கெண்ணெய் வேண்டாம். சிரிஞ்சில் தண்ணீரை வாயில் பீய்ச்ச வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும். மருந்துக் கடையில் கேட்டு லேசிக்ஸ் மாத்திரை கொடுத்தவர்கள் உண்டு. வெளியே போக வழியில்லாத பைக்குள் இன்னும் சிறுநீரைக் கொண்டுவந்து சேர்க்கிற மாத்திரை அது. வலிக்கிறது என்று பாரசிட்டமால் கொடுத்தால் அடைப்பு சாகடிக்கும் முன்பே அந்த மாத்திரை சாகடித்துவிடும். பூனையின் கல்லீரலால் பாரசிட்டமாலைச் சமாளிக்க முடியாது, 500 மில்லிகிராம் மாத்திரையில் ஒன்றே போதும். பை கெட்டியாக இருக்கிறதே என்று வயிற்றை அமுக்கிப் பிதுக்கவும் கூடாது. பை கிழிந்துவிடும்.

கிளினிக்குக்குள் நுழைந்ததும் "மோஷன் போகல" என்று ஆரம்பிக்காதீர்கள். "ஆண் பூனை, முக்குது, யூரின் கடைசியா எப்பப் போச்சுன்னு தெரியல" என்று சொல்லுங்கள். வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் ஊசி எடுத்தால், "மூத்திரப்பை நிரம்பியிருக்கா, பாத்தீங்களா டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

சிகிச்சை என்றால் என்ன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் வேறுவிதமாக ஏமாற்றமடைவீர்கள். இதயத்தைக் காக்க முதலில் மருந்து, கூடவே ட்ரிப்ஸ். "யூரினே போகாத பூனைக்கு ட்ரிப்ஸ் எதுக்கு?" என்று சண்டை போட்டு வீட்டுக்குத் தூக்கிப் போனவர்கள் இருக்கிறார்கள். பொட்டாசியத்தைக் குறைக்கவும் ரத்த ஓட்டத்தைச் சரிசெய்யவும் அது வேண்டும். அப்புறம் மயக்கம் கொடுத்து கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயைச் சிறுநீர் வழியில் விட்டு அடைப்பை எடுப்போம். பூனைக்கான கத்தீட்டர் எல்லாக் கிளினிக்கிலும் இருக்காது. பச்சிளங் குழந்தைகளுக்கான ஃபீடிங் ட்யூப் வைத்தே பல இடங்களில் சமாளிக்கிறோம். குழாயோடு இரண்டு மூன்று நாள் வைத்திருந்து பார்க்க வேண்டும். அடைப்பு நீங்கியபின் சிறுநீர் வெள்ளமாகப் போகும், அதற்கு ஈடாக ட்ரிப்ஸ் ஏற்றாவிட்டால் அதிலும் சரிந்துவிடும். அதனால்தான் செலவு ஏறுகிறது. முன்பணம் கேட்பது தவறில்லை. ஆனால் பணம் வரும்வரை பூனையைத் தொடாமல் இருப்பது தவறு. முதல் பரிசோதனையைச் செய்துவிட்டுக் கேட்கலாம்.

எங்கே போவது என்பதை அந்த இரவில் கூகுளில் தேடாதீர்கள். இன்றைக்கே இரண்டு மூன்று இடங்களுக்குப் போன் செய்யுங்கள். "இரவில் டாக்டர் அங்கேயே இருப்பாரா, பூனைக்குக் கத்தீட்டர் போடுவீர்களா" என்ற இரண்டு கேள்வி போதும். சென்னையில் இருப்பவர்கள் 1903ஆம் ஆண்டிலிருந்து இயங்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையையும், மற்றவர்கள் பக்கத்தில் இருந்தால் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரி மருத்துவமனைகளையும் விசாரித்து, இரவு நேர ஏற்பாட்டைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 1962 எண்ணில் கூப்பிட்டால் வரும் கால்நடை ஆம்புலன்ஸ் வண்டி முதன்மையாக மாடு, ஆடு வளர்ப்பவர்களுக்கானது. நடு இரவில் உங்கள் பூனைக்கு அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

கருத்தடை செய்ததால்தான் அடைத்தது என்று அந்த வீட்டில் தங்களையே திட்டிக்கொண்டார்கள். அறுவை சிகிச்சை குழாயைச் சுருக்கிவிடுவதில்லை. எடை கூடி, உலர் தீனி மட்டுமே தின்று, தண்ணீர் குறைவாகக் குடித்து, வீட்டுக்குள்ளேயே கிடக்கும் ஆண் பூனைகளில்தான் இதை அதிகம் பார்க்கிறோம். பதற்றமும் ஒரு காரணம். வீடு மாறுவது, புதிதாக ஒரு பூனை வருவது, தீபாவளி வெடிச்சத்தம் என எதிலும் தொடங்கலாம். ஈரமான உணவு கொடுங்கள். தண்ணீரைப் பல இடங்களில் வையுங்கள். மண் டப்பா பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்கட்டும், தினமும் சுத்தம் செய்யுங்கள். சுத்தம் செய்யும்போது ஈரக் கட்டிகளையும் பாருங்கள், வீட்டில் வேலை செய்பவர்தான் அள்ளுகிறார் என்றால் அவரிடமும் சொல்லிவையுங்கள்.

ஒரு முறை அடைத்த பூனைக்கு மறுபடியும் அடைக்கலாம், அதுவும் குழாயை எடுத்த முதல் சில நாட்களிலேயே. வீட்டுக்கு அழைத்துப் போன பிறகு டப்பாவை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். மறுபடியும் முக்கினால் மாத்திரை இன்னும் பாக்கி இருக்கிறதே என்று காத்திராமல் அன்றே கொண்டு வாருங்கள். திரும்பத் திரும்ப அடைத்தால் வழியை அகலப்படுத்தும் அறுவை சிகிச்சை இருக்கிறது, அதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள்.