பார்ட்டிஷன் டேபிள் – பாக அட்டவணை

ஒரு சேமிப்பகத்தில் எந்தப் பாகம் எந்த செக்டரில் (சேமிப்பகத்தின் சிறு துண்டு, வழக்கமாக 512 பைட்) தொடங்கி எந்த செக்டரில் முடிகிறது என்று எழுதிவைத்த குறிப்புதான் பார்ட்டிஷன் டேபிள். தமிழில் பாக அட்டவணை. பாகத்துக்குள் இருக்கும் கோப்புகள் வேறு, இந்தக் குறிப்பு வேறு. அட்டவணை அழிந்தாலும் கோப்புகள் கிடந்த இடத்திலேயே கிடக்கும். எங்கே கிடக்கின்றன என்று சொல்லத்தான் ஆள் இருக்காது. பத்திரம் தொலைந்தால் நிலம் காணாமல் போவதில்லை என்பதைப் போல.

பார்ட்டிஷன் என்பதன் வேர் லத்தீன். 'பார்ஸ்' என்றால் பங்கு. அதிலிருந்து பங்கிடு என்ற வினை பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. டேபிளும் லத்தீன்தான். 'டபுலா' என்றால் பலகை. எழுதும் பலகையைக் குறித்த சொல், பிறகு அதில் வரிசையாக எழுதியதையும் குறித்தது. டிஸ்க், கிரேக்கத்தில் எறிவட்டைக் குறித்த சொல். தமிழில் வட்டு என்று வைத்தது பொருத்தமே. ஆனால் உட்பொதி கருவிகளில் (வேறொரு பொருளுக்குள் பொதிந்த சிறு கணினிகளில்) இன்று பெரும்பாலும் இருப்பது மின்சுற்றுப் பலகையில் பற்றவைத்த இஎம்எம்சி என்ற சேமிப்புச் சில்லு. அதில் வட்டமும் இல்லை, சுழற்சியும் இல்லை. பழக்கத்தால் வட்டு என்கிறோம்.

பார்ட்டிஷனுக்குத் தமிழில் நான்கைந்து சொற்கள் புழங்குகின்றன. பகு என்ற வேரிலிருந்து வரும் பகுதி, பகுப்பு, பகிர்வு மூன்றும் நல்ல தமிழ். ஆனால் பகுதி எதற்கும் பொதுவான சொல். 'வட்டின் ஒரு பகுதி' என்றால் எல்லை வகுத்த பாகமா, ஏதோ ஓர் இடமா என்று தெரியாது. பகுப்பு என்றதும் பகுப்பாய்வுதான் நினைவுக்கு வரும். பகிர்வு ஒரு காலத்தில் மொழிபெயர்த்த மென்பொருள்களில் இருந்தது. இப்போது படத்தையோ இணைப்பையோ பிறருக்கு அனுப்புவதற்கு அந்தச் சொல் போய்விட்டது. மீதி இருப்பது பாகமும் பிரிவினையும். பிரிவினை என்பது பிரிக்கும் செயல். பாகம் என்பது பிரித்தபின் எல்லையோடு கிடைப்பது. அட்டவணையின் ஒவ்வொரு வரியும் சொல்வது இந்த இரண்டாவதைத்தான். பாகம் வடசொல் தொடர்புடையது என்று விலக்குவோர் 'வட்டுப் பகுதி அட்டவணை' என்று முழுதாக எழுதலாம். வெறும் 'பகுதி' போதாது.

அட்டவணையின் வடிவங்களில் புழக்கத்தில் இருப்பவை இரண்டு. எம்பிஆர் (மாஸ்டர் பூட் ரெக்கார்ட்) 1983-இல் பிசி டாஸ் 2.0 உடன் வந்தது. முதல் செக்டரின் 512 பைட்டுகளில் 446 நிரலுக்கு, 64 நான்கு பாகங்களின் விவரத்துக்கு, கடைசி 2 அடையாளத்துக்கு. ஒரு பாகத்துக்கு 16 பைட். அதில் செக்டர் எண்ணுக்கு 4 பைட்தான் என்பதால், 512 பைட் செக்டரில் 2 டெபிபைட்டுக்கு மேல் எண்ண முடியாது. ஜிபிடி (ஜியூஐடி பார்ட்டிஷன் டேபிள்) இதற்கு அடுத்தது; பயாஸுக்கு மாற்றாக வந்த இன்டெல்லின் இஎஃப்ஐ திட்டத்தில் பிறந்தது. செக்டர் 0-இல் பழைய கருவிகளை ஏமாற்ற ஒரு காவல் எம்பிஆர், செக்டர் 1-இல் தலைப்பு, 2 முதல் 33 வரை வரிகள். ஒரு வரி 128 பைட், மொத்தம் 128 வரிகள். சேமிப்பகத்தின் கடைசி 33 செக்டர்களில் இதே அட்டவணையின் மறுநகல் இருக்கும். தலைப்புக்கும் வரிகளுக்கும் தனித்தனி சிஆர்சி சரிபார்ப்பு எண் உண்டு. கையால் ஒரு பைட்டை மாற்றினாலும் அது ஒத்துவராது.

இந்த அட்டவணையை மாற்றப்போவது பூட்லோடரிலிருந்து; முதலில் அதன் பெயர். பூட் என்பது பூட்ஸ்ட்ராப்பின் குறுக்கம். காலணியின் பின்புறம் இழுத்துப் போடுவதற்கான வாரைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்வது என்பது நடவாத காரியத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் வழக்கு. கணினி தன்னைத்தானே எழுப்பிக்கொள்ளும் வித்தைக்கு 1950களில் அந்தப் பெயர் வந்தது. கணினியை எழுப்பி இயங்குதளத்தை ஏற்றும் நிரலான பூட்லோடரைத் தமிழில் தொடக்க ஏற்றி என்கிறோம். உவமை போய்விட்டாலும் வேலை தெளிவாக இருக்கிறது. பூட்லோடர் என்றே எழுதுவோரும் நிறைய. தமிழ்ப் பூட்டு இதில் வந்து குழப்பும்: உற்பத்தியாளர் பூட்டிவைத்த பூட்லோடரைப் பற்றி ஒரு பத்தி எழுதிப் பாருங்கள், தெரியும்.

உட்பொதி உலகில் அதிகம் புழங்கும் தொடக்க ஏற்றி யூ-பூட். 1999-இல் வோல்ஃப்காங் டெங்க் பிபிசிபூட் என்ற பெயரில் தொடங்கியது. பவர்பிசி செயலிகளுக்கு வெளியேயும் பரவியபின் 2002-இல் இந்தப் பெயர் பெற்றது. ஜெர்மன் மொழியில் யூ-பூட் என்றால் நீர்மூழ்கிக் கப்பல். தெரிந்தே வைத்த பெயர்.

அட்டவணையை மாற்றத் தொடக்க ஏற்றிவரை ஏன் போக வேண்டும்? லினக்ஸ் ஓடும்போது அதன் ரூட் பாகம் (அடிப்படைக் கோப்புகள் இருக்கும் பாகம்) மவுண்ட் ஆகியிருக்கும், அதாவது பயன்பாட்டுக்கு இணைக்கப்பட்டிருக்கும். அந்த நிலையில் அட்டவணையை மாற்றினால் லினக்ஸின் கருவான கெர்னல் 'கருவி பயன்பாட்டில் உள்ளது' என்று மறுக்கும், அல்லது மறுபடி பூட் ஆகும்வரை பழைய எல்லைகளையே நம்பிக்கொண்டிருக்கும். யூ-பூட் நினைவகத்தில் ஓடுகிறது. சேமிப்பகத்தில் எதையும் மவுண்ட் செய்வதில்லை. ஆகவே அதுதான் இதற்குச் சரியான இடம்.

இங்கேதான் இன்னொரு மொழிபெயர்ப்புச் சிக்கல். அப்டேட் என்றால் புதுப்பித்தல் என்று பழகிவிட்டோம். புதுப்பித்தல் என்றால் இருப்பதை வைத்துக்கொண்டு மேம்படுத்துவது. யூ-பூட்டின் ஜிபிடி ரைட் கட்டளை அப்படிச் செய்வதில்லை. நாம் தரும் ஒரே சரத்திலிருந்து (எழுத்துத் தொடரிலிருந்து) முழு அட்டவணையையும் புதிதாக எழுதுகிறது. சரத்தில் சொல்லாதது பழைய அட்டவணையில் இருந்தாலும் போய்விடும். இதற்குப் பொருத்தமான தமிழ் 'மாற்றியெழுதல்'. கீழே வரும் பிழைகளில் பாதி, 'புதுப்பித்தல்' என்று நினைத்துக்கொண்டு செய்வதால் வருபவை.

கட்டளைகளை இங்கே ஒலிப்பில் தருகிறோம். பலகையில் ஆங்கில எழுத்திலேயே அடிக்க வேண்டும். யூ-பூட்டைக் கட்டும்போது ஜிபிடி கட்டளையும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஆதரவும் கான்ஃபிகில் (கட்டுமானத் தேர்வுகளில்) இயக்கப்பட்டிருக்க வேண்டும்.

முதலில் எம்எம்சி டெவ் 0, பிறகு எம்எம்சி இன்ஃபோ. கொள்ளளவைப் பாருங்கள். பல பலகைகளில் எஸ்டி கார்டு 0, இஎம்எம்சி 1, சிலவற்றில் தலைகீழ். 8 ஜிபி சில்லு என்று நினைத்த இடத்தில் 32 ஜிபி காட்டினால் நீங்கள் நிற்பது வேறு சேமிப்பகத்தில். அடுத்து பார்ட் லிஸ்ட் எம்எம்சி 0. வரும் வெளியீட்டை முழுதாக நகலெடுத்து வையுங்கள், குறிப்பாக ஒவ்வொரு பாகத்தின் யூயூஐடியை (அந்தப் பாகத்துக்கே உரிய அடையாள எண்ணை).

பழைய அட்டவணைக்கு ஒரு நகல் வேண்டும். எம்எம்சி ரீட் $லோட்அட்டர் 0 22. இந்த 22 பதினறும எண். அதாவது 34 செக்டர்கள், 0 முதல் 33 வரை. யூ-பூட்டில் எண்களுக்கு இயல்பான அடி பதினாறு என்பதை மறந்து 34 என்று அடித்தால் 52 செக்டர்கள் வரும். படிக்கும்போது பரவாயில்லை, திரும்ப எழுதும்போது அப்படி விட முடியாது. படித்ததை யுஎஸ்பி ஸ்டார்ட் கொடுத்தபின் ஃபேட்ரைட் கட்டளையால் ஒரு பென்டிரைவில் எழுதலாம். அளவு 4400, அதுவும் பதினறுமம், 17,408 பைட்.

இப்போது சரம். பார்ட்டிஷன்ஸ் என்ற மாறியில் அதை வைக்கப் போகிறோம். செட்என்வ் பார்ட்டிஷன்ஸ் என்று தொடங்கி, ஒற்றை மேற்கோளுக்குள்:

யூயூஐடி_டிஸ்க்=…;நேம்=பூட்,ஸ்டார்ட்=8எம்ஐபி,சைஸ்=64எம்ஐபி,பூட்டபிள்,யூயூஐடி=…;நேம்=ரூட்எஃப்எஸ்,சைஸ்=1024எம்ஐபி,யூயூஐடி=…;நேம்=டேட்டா,சைஸ்=-,யூயூஐடி=…

மேற்கோள் அலங்காரத்துக்கு அல்ல. அது இல்லாவிட்டால் யூ-பூட்டின் ஷெல் (கட்டளைகளைப் படிக்கும் பகுதி) முதல் அரைப்புள்ளியில் கட்டளை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். மாறியில் முதல் துண்டு மட்டும் நிற்கும். அதைக் கவனிக்காமல் எழுதினால் வேண்டிய அட்டவணை கிடைக்காது. எழுதுமுன் பிரின்ட்என்வ் கொடுத்து மாறியைப் பார்ப்பது அரை நிமிட வேலை. கடைசிப் பாகத்தின் அளவில் உள்ள கழித்தல் குறி 'மீதி முழுவதும்' என்று பொருள். கடைசிக்குத்தான் அது செல்லும்.

ஜிபிடி ரைட் எம்எம்சி 0 $பார்ட்டிஷன்ஸ். சக்சஸ் என்று வந்ததும், ஜிபிடி வெரிஃபை எம்எம்சி 0 $பார்ட்டிஷன்ஸ். பிறகு மறுபடி பார்ட் லிஸ்ட். மேலே உள்ள சரத்துக்குத் தொடக்க செக்டர்கள் பதினறுமத்தில் 4000, 24000, 224000 என்று வர வேண்டும். 8, 72, 1096 மெபிபைட் இடங்கள். ஒரு மெபிபைட்டுக்கு 2048 செக்டர் என்று பெருக்கிப் பார்க்கலாம். மாறிகளை நிரந்தரமாகச் சேமிக்கும் சேவ்என்வ் கட்டாயமில்லை, அட்டவணை ஏற்கெனவே சேமிப்பகத்தில் எழுதப்பட்டாயிற்று.

ஸ்டார்ட்=8எம்ஐபி ஏன்? அதைச் சொல்லாமல் விட்டால் இயல்பாக முதல் பாகம் செக்டர் 34-இல், அதாவது 17 கிபிபைட்டில் தொடங்கும். செயலிச் சில்லின் உள்ளே, படிக்க மட்டுமேயான நினைவகத்தில் (ரோம்) பொறித்த நிரல்களுக்குப் பெரும்பாலும் பாக அட்டவணை புரியாது. குறிப்பிட்ட ஒரு தூரத்தில் போய்த் தொடக்க ஏற்றியைத் தேடும். ராக்சிப் சில்லுகள் 32 கிபிபைட்டில், அதாவது செக்டர் 64-இல். ஐ.எம்எக்ஸ் 8எம் மினி 33 கிபிபைட்டில். 34-இல் தொடங்கும் பாகம் இவற்றின் மேல் படரும். அட்டவணையை எழுதியவுடன் எதுவும் ஆகாது, பூட் ஆகும். பிறகு யாரோ அந்தப் பாகத்தை ஃபார்மட் செய்வார்கள், அடுத்த முறை பலகை எழாது. காரணத்தை ஃபார்மட்டில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஐ.எம்எக்ஸ் 6-இல் நிலைமை இன்னும் மோசம். அது 1 கிபிபைட்டில், செக்டர் 2-இல் தேடும்; ஜிபிடியின் வரிகள் தொடங்கும் அதே இடம். தொடக்க ஏற்றியும் அதே சேமிப்பகத்தின் பொதுப் பரப்பில் இருந்தால், ஜிபிடி ரைட் அதைத் தன் கையாலேயே அழித்துவிடும். அங்கே எம்பிஆர் போதும். ஆல்வின்னர் சில்லுகளின் பழைய இடம் 8 கிபிபைட், செக்டர் 16. இது வரிகளின் நடுவில் விழுகிறது. வரிகளின் எண்ணிக்கையை 128-இலிருந்து 56 ஆகக் குறைத்தால் செக்டர் 15-ஓடு அட்டவணை முடிந்துவிடும். அல்லது வரிகள் தொடங்கும் இடத்தையே தள்ளிவைக்கலாம். இரண்டுக்கும் யூ-பூட் கான்ஃபிகில் வழி உண்டு. புதிய ஆல்வின்னர் சில்லுகள் 128 கிபிபைட்டிலும் தேடுவதால் அங்கே ஏற்றியை நகர்த்திவிடுவது இன்னும் சுலபம்.

யூயூஐடியைச் சரத்தில் தராவிட்டால், கான்ஃபிக் அனுமதித்தால் யூ-பூட் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். அட்டவணை சரி, வெரிஃபை சரி, ஆனால் கெர்னல் ரூட்டைப் பார்ட்யூயூஐடி வழியாகத் தேடும் கருவியில் 'ரூட்டை மவுண்ட் செய்ய முடியவில்லை' என்று பேனிக் ஆகும், அதாவது அங்கேயே நின்றுவிடும். பழைய யூயூஐடிகளை நகலெடுக்கச் சொன்னது இதற்காகத்தான். பூட்டபிள் என்ற சொல்லை விட்டாலும் இதே வகைக் குழப்பம்: அந்தக் குறி எந்தப் பாகத்திலும் இல்லையென்றால் யூ-பூட்டின் பொதுப் பூட் நிரல் முதல் பாகத்தை மட்டும் பார்க்கும். கெர்னல் இரண்டாவதில் இருந்தால், இல்லை என்று சொல்லிவிட்டு நெட்வொர்க் பூட்டுக்குப் போய்விடும்.

தொடக்கத்தை மாற்றாமல் முடிவை மட்டும் நீட்டினால் தரவு பத்திரம். ஆனால் பாகம் பெரிதானது உள்ளே இருக்கும் கோப்பு முறைமைக்குத் தெரியாது. லினக்ஸில் ரீசைஸ்2எஃப்எஸ் ஓட்ட வேண்டும். தொடக்கம் ஒரு செக்டர் நகர்ந்தாலும் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை கிடைக்காது, ஏனெனில் அதன் சூப்பர்பிளாக்கை (தலைக்குறிப்பை) பாகத்தின் தொடக்கத்திலிருந்து 1024-ஆவது பைட்டில்தான் தேடுவார்கள். பயப்பட வேண்டாம்: உள்ளே எதையும் எழுதாதவரை, பழைய தொடக்கத்தோடு மாற்றியெழுதினால் கோப்புகள் திரும்பி வரும்.

8 ஜிபி பிம்பத்தை (ஒரு சேமிப்பகத்தின் முழு நகலை) 16 ஜிபி சில்லில் அப்படியே எழுதினால் அட்டவணையின் மறுநகல் நடுவில் கிடக்கும், கடைசியில் இருக்காது. முதன்மை சரியாக இருப்பதால் பூட் ஆகும். முதன்மை கெடும் நாளில்தான் தெரியும். இரண்டில் ஒன்று கெட்டால் மற்றதிலிருந்து மீட்கப் புதிய யூ-பூட்டில் ஜிபிடி ரிப்பேர் உண்டு. ஃபாஸ்ட்பூட் (கணினியிலிருந்து யுஎஸ்பி போன்ற இணைப்பில் கருவிக்கு எழுதும் முறை) வழியாகச் செய்வோர் ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷ் ஜிபிடி என்று அட்டவணையின் பிம்பத்தை அனுப்பினால், யூ-பூட் அதைச் சோதித்து முதன்மை, மறுநகல் இரண்டையும் எழுதும். ஃபாஸ்ட்பூட் ஓஇஎம் ஃபார்மட், மேலே சொன்ன பார்ட்டிஷன்ஸ் மாறியையே எடுத்துக்கொள்ளும்.

கடைசியாக, பார்ட்டிஷன் என்ற பெயரில் திரியும் வேறு இரண்டு. இஎம்எம்சிக்குள் பூட்0, பூட்1, ஆர்பிஎம்பி என்று தனிப் பரப்புகள் உண்டு. இவை எந்த அட்டவணையிலும் எழுதப்பட்டவை அல்ல, சில்லே வகுத்தவை. எம்எம்சி டெவ் 0 1 என்றால் பூட்0-க்குப் போகிறோம். இதை வன்பாகம் என்று வேறு சொல்லால் குறிப்பது நல்லது. எம்எம்சி எச்டபிள்யூபார்ட்டிஷன் கட்டளையால் பொதுப் பரப்பையே வன்பாகங்களாகப் பிரிக்க முடியும், ஆனால் கம்ப்ளீட் என்று முடித்தபின் அந்தச் சில்லின் ஆயுளுக்கும் அது மாறாது. பாக அட்டவணையைத் தேடி வந்து இந்தக் கட்டளையை அடித்துவிடாதீர்கள். மற்றொன்று நேரடி நாண்ட் ஃபிளாஷ், இஎம்எம்சி போல உள்ளே கட்டுப்படுத்தி இல்லாத சேமிப்புச் சில்லு. அதில் அட்டவணை எங்கும் எழுதப்படுவதில்லை; எல்லைகள் பெரும்பாலும் எம்டிடிபார்ட்ஸ் என்ற மாறியில் இருந்து ஒவ்வொரு பூட்டிலும் கெர்னலுக்குச் சொல்லப்படுகின்றன. அங்கே மாற்றுவது ஒரு வரி மாறி, செய்ய வேண்டியது சேவ்என்வ். அதைப் பாக அட்டவணை என்று எழுதினால் படிப்பவர் ஃபிளாஷில் இல்லாத ஒன்றைத் தேடுவார். பாக வரையறை என்று எழுதுங்கள்.