மோட்டார் டிரைவர் வாங்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள்

"தூக்கிப் பிடிச்சா சக்கரம் சுத்துது சார், தரையில வெச்சா நின்னுடுது." ரோபோ செய்யும் பிள்ளைகள் என் மேசைக்கு வந்து சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் இதுதான். பொம்மை வண்டிகளில் வரும் மஞ்சள் பி.ஓ. (பேட்டரியில் ஓடும்) கியர் மோட்டார் நான்கு, புரோகிராம் சொல்கிறபடி மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் எல்298என் டிரைவர், 9 வோல்ட் சதுர பேட்டரி. இரவெல்லாம் புரோகிராமைத் திருத்திச் சோர்ந்துபோய் வருவார்கள். புரோகிராமில் ஒரு குறையும் இருக்காது.

அந்தச் சதுர பேட்டரி, மல்டிமீட்டர் போல் சொற்ப கரண்ட் கேட்கும் கருவிகளுக்கானது. நான்கு மோட்டார் இழுத்தால் வோல்ட் சரிந்து, புரோகிராம் ஓடும் அர்டுயினோ போர்டே ரீசெட் ஆகிவிடும். எல்298என் பழைய பைபோலார் டிரான்சிஸ்டர் வகை ஐ.சி.; 1 ஆம்பியர் ஓடும்போது சுமார் 2 வோல்ட்டைத் தானே விழுங்கிச் சூடாகும். 6 வோல்ட் கொடுத்தால் மோட்டாருக்குப் போவது 4தான்.

டிரைவரை முடிவு செய்வது, சக்கரம் முட்டி நிற்கும்போது மோட்டார் இழுக்கும் கரண்ட். மீட்டரை 200 ஓமில் வைத்து, அதன் இரு முனைகளையும் சேர்த்துத் தொட்டு வரும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மோட்டார் முனைகளில் வைத்து, தண்டைச் சற்றே திருப்பி நிறுத்தி, ஐந்தாறு இடங்களில் அளந்து பாருங்கள். ஆகக் குறைந்த அளவிலிருந்து முதலில் குறித்ததைக் கழியுங்கள். வோல்ட்டை அந்த ஓமால் வகுத்தால் கரண்ட்: 4 ஓம் வந்து, பேட்டரி 6 வோல்ட் என்றால் 1.5 ஆம்பியர். ஒரு பக்கத்து மோட்டார் இரண்டையும் டிரைவரின் ஒரே சேனலில் (ஒரே வெளியீட்டில்) சேர்த்தால் 3 ஆம்பியர்.

எல்293டி என்ற டிரைவர் சேனலுக்கு 600 மில்லி ஆம்பியர்தான் தாங்கும். டிபி6612 என்ற டிரைவர் தொடர்ந்து 1.2 ஆம்பியரும், கணநேரத்துக்கு 3.2 ஆம்பியரும் தரும்; உள்ளே இருப்பது மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டர் என்பதால் வோல்ட் இழப்பும் சொற்பம். இரண்டு மோட்டார், முன்னால் எல்லாப் பக்கமும் திரும்பும் ஒரு காஸ்டர் சக்கரம், டிபி6612, நான்கு அல்கலைன் ஏஏ செல். முதல் ரோபோவுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

பெரிய ரோபோவுக்குப் பழைய கார் வைப்பர் மோட்டார் மலிவாகக் கிடைக்கும், நல்ல இழுவை. ஆனால் பல வைப்பர் மோட்டார்களில் நெகட்டிவ் முனை மோட்டாரின் உலோக உடம்போடு சேர்ந்திருக்கும். காரில் ஒரே திசையில் ஓடுவதால் தொல்லையில்லை. ரிவர்ஸ் கொடுத்தால் உடம்பே பாசிட்டிவ் ஆகிவிடும். ஒரு மாணவர் அப்படிப்பட்ட இரண்டு மோட்டாரை ஒரே இரும்புச் சட்டத்தில் முடுக்கியிருந்தார். நேராக அருமையாக ஓடியது. திரும்பச் சொன்ன கணத்தில், ஒன்று முன்னும் ஒன்று பின்னும் போக, சட்டம் வழியே ஷார்ட் ஆகி ஒயர் உறை உருகிப் புகைந்தது. பேட்டரியில் ஃபியூஸ் இல்லை. நல்லவேளை, ஒருவர் கிளிப்பைப் பிடுங்கினார்.

மோட்டாரின் உடம்புக்கும் ஒயருக்கும் மீட்டரை பீப் நிலையில் வைத்துப் பாருங்கள். பீப் அடித்தால் மோட்டாரைப் பிளைவுட்டில் ஏற்றுங்கள். தண்டு வழியாகவும் இணைப்பு வரும் என்பதால் சக்கரத்தின் உலோகமும் சட்டத்தைத் தொடக் கூடாது. அப்புறம், பேட்டரி பாசிட்டிவை ஒட்டியே ஒரு கார் ஃபியூஸ் போட்டுவிட்டு ஒயரை இணையுங்கள்.