கேட்டமரான்: சொல் விளக்கம்

கேட்டமரான் என்றால் இன்று உலகமெங்கும் இரண்டு உடல்களையும் (நீரில் மிதக்கும் அடிப்பகுதிகள்) அவற்றை மேலே இணைக்கும் தளத்தையும் கொண்ட கப்பல். சொல் நம் கட்டுமரம்தான். சோழமண்டலக் கரையில் பார்த்த கலத்தை ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியான தம் பயண நூலில் இந்தப் பெயரால் எழுதினார். வடிவமோ பசிபிக் தீவுகளின் இரட்டைத் தோணியைச் சேர்ந்தது. 1876-இல் நியூயார்க் பாய்மரப் படகுப் பந்தயத்தில் அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நத்தானியல் ஹெரஷாஃப் 'அமரில்லிஸ்' என்ற இரட்டைப் படகில் முந்தி வந்தார். நம் பெயர் மெல்ல மெல்ல அந்த வடிவத்துக்குப் போய்விட்டது.

சரி, தமிழில் கட்டுமரம் என்றே எழுதலாமா? கூடாது என்பேன். கட்டுமரத்துக்குக் குடைந்த உடல் கிடையாது. மரங்களைக் கயிற்றால் பிணைப்பார்கள், இடுக்கு வழியே தண்ணீர் ஏறி இறங்கும், கரையேறியதும் அவிழ்த்துக் காயவைப்பார்கள். ஆகவே கேட்டமரானுக்கு இரட்டையுடல் கப்பல் என்போம்; ஒன்றுக்கு மேற்பட்ட உடல் கொண்ட எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் பல்லுடல் கப்பல். நடுவில் இருப்பது இணைப்புத்தளம்.

பொறியாளருக்கு முழுக் கவலையும் இந்த இணைப்புத்தளம்தான். கட்டுமரத்தின் கயிறு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். இந்தக் கப்பலின் பற்றவைத்த அலுமினியம் அப்படிக் கொடுக்காது. பக்கவாட்டில் வரும் அலையின் முகடு இரு உடல்களுக்கும் நடுவே நின்றால் அவற்றை வெளியே தள்ளும், பள்ளம் நின்றால் உள்ளே நெருக்கும். அலைநீளம் உடல் இடைவெளியைப் போல ஏறக்குறைய இரு மடங்கானால் இந்தப் பிளவுவிசை ஓங்கும். 20 மீட்டர் இடைவெளிக்கு 40 மீட்டர் அலை, அதாவது 5 விநாடிக்கு ஒருமுறை வரும் சாதாரண அலை! மிக உயரமான அலைதான் மிக ஆபத்தானது என்று இங்கே எண்ணிவிட முடியாது. சாய்வாக வரும் அலை ஓர் உடலின் முன்பக்கத்தையும் மற்றதன் பின்பக்கத்தையும் தூக்கித் தளத்தை முறுக்கும். அப்புறம், தளத்தின் அடிப்பரப்பில் தண்ணீர் கன்னத்தில் அறைவதுபோல் மோதுவது; இதை அலையறை என்போம்.

இவற்றால் தளத்தின் மேல் விழும் மிகப் பெரிய விசையை, அதாவது உச்ச அலைச்சுமையை, எப்படி மதிப்பிடுவது? 20 ஆண்டில் ஒரு கப்பல் சுமார் 10 கோடி அலைகளைச் சந்திக்கும். அதில் ஒருமுறை மட்டும் மீறக்கூடிய சுமையைத்தான் தேடுகிறார்கள். ஒவ்வொரு கடல்நிலைக்கும் (கடல் எவ்வளவு கொந்தளிக்கிறது என்பதற்கும்), அலை வரும் ஒவ்வொரு கோணத்துக்கும் அந்தச் சுமை மீறப்படும் வாய்ப்பைக் கணித்து, அந்த நிலை நேரும் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டுவார்கள். அலையறை மட்டும் இந்தக் கணக்குக்கு எளிதில் அடங்காது. அலையின் உயரம் இரட்டித்தால் அறையின் விசை இரட்டிப்பதோடு நிற்பதில்லை. அதற்கு சிறிய மாதிரிக் கப்பலைத் தொட்டியில் ஓட்டும் சோதனையும், ஓடும் கப்பலிலேயே திரிபுமானி (உலோகம் நீள்வதையும் சுருங்குவதையும் அளக்கும் கருவி) ஒட்டி அளப்பதும் வேண்டும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் உள்ள இன்கேட் நிறுவனம் கட்டும் கப்பல்களில் இரு உடல்களுக்கும் நடுவே ஒரு மைய முகப்பு இருப்பதைப் பார்க்கலாம். முன்பக்கம் அலையில் புதையாமல் தாங்குவதற்காக வைத்தது அது.