கடல் தின்னாத கப்பலை மழை தின்னும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் சிறுபடகுகள் நிறுத்தும் துறையை ஒட்டிய போர்ட் நேட்டால் கடல்சார் அருங்காட்சியகத்தின் பெயர் சொல்லிவந்த கப்பல்கள் மூன்று. 1927-இல் கட்டிய ‘உலுண்டி’யும் அதற்குப் பிந்திய ‘ஜே.ஆர். மோர்’ கப்பலும் நீராவியில் ஓடிய இழுவைக் கப்பல்கள். இரண்டுக்கும் உடல் எஃகு. மூன்றாவது ‘எஸ்.ஏ.எஸ். டர்பன்’, கடற்படையின் கண்ணிவாரிக் கப்பல், அதாவது கடலில் போட்ட கண்ணிவெடிகளை வாரி அகற்றும் கப்பல். சாம்பல் நிறப் பெயின்ட்டைப் பார்த்து அதையும் இரும்பு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் அதன் வெளியுடல் மஹோகனிப் பலகை. உள்ளே விலா எலும்பு போலத் தாங்குவது அலுமினியச் சட்டம்.

ஜெட் விமானம் பறக்கத் தொடங்கிய பிறகும் போர்க்கப்பலை ஏன் மரத்தில் கட்டினார்கள்? காரணம் காந்தக் கண்ணிவெடி. 1939 நவம்பரில் ஜெர்மானிய விமானம் ஒன்று போட்ட கண்ணிவெடி, தேம்ஸ் முகத்துவாரத்தில் ஷூபரினஸ் சேற்றில் வெடிக்காமல் கிடந்தது. பிரிட்டிஷ் கடற்படையினர் அதைப் பிரித்துப் பார்த்தபோது ரகசியம் தெரிந்தது. எஃகுக் கப்பல் எதுவும் ஒரு பெரிய, பலவீனமான காந்தம். அது மேலே கடக்கும்போது பூமியின் காந்தப்புலம் அந்த இடத்தில் சற்று மாறும். அந்த மாற்றமே வெடியின் விசையைத் தட்டிவிடும். அப்படியானால் கண்ணிவெடியை வாரப் போகும் கப்பலில் முடிந்தவரை இரும்பு இருக்கக் கூடாது. இந்தப் பாடத்திலிருந்து பிறந்ததுதான் ‘டன்’ என்ற வகைப் பிரிட்டிஷ் கண்ணிவாரிக் கப்பல். தென்னாப்பிரிக்கா பத்து வாங்கியது. அவற்றில் ஒன்று, 1957-இல் இங்கிலாந்தில் கடலில் இறங்கிய ‘டர்பன்’.

போர்க்காலத்திலேயே மரப்படகுகள் வேறு காரணத்துக்காகவும் குவிந்தன. எஃகுக்குத் தட்டுப்பாடு, கப்பல் தளங்களில் இடமில்லை. மரவேலை தெரிந்த எந்தப் பட்டறையும் கட்டக்கூடிய படகு தேவைப்பட்டது. 112 அடி நீள ‘ஃபேர்மைல்’ ரோந்துப் படகும், 72 அடி நீளத் துறைமுகக் காவல் படகும் அப்படி நூற்றுக்கணக்கில் வந்தவை. நம் நாட்டின் நைஸ்னா ஊரில், காட்டு மரம் அறுத்துவந்த தேசன் நிறுவனமும் ஃபேர்மைல் படகுகளைக் கட்டியது. தென்னாப்பிரிக்கர்கள் ஓட்டிய ஃபேர்மைல் அணி ஒன்று பர்மாவின் அராக்கன் கரையில் போரிட்டது. இந்தப் படகுகள் போர் முடியும்வரை தாங்கினால் போதும் என்பதே அன்றைய கணக்கு. எண்பது ஆண்டு கழித்து யாரோ இவற்றைக் காப்பாற்றப் பாடுபடுவார்கள் என்று எந்தப் பொறியாளரும் நினைத்திருக்க மாட்டார். இன்றைய சிக்கல் பாதிக்கு அங்கேதான் வேர்.

அந்தப் படகுகளின் உடலைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். மெல்லிய பலகைகளை ஒரு பக்கம் சாய்த்து முதல் அடுக்கு. அதன்மேல் எதிர்ப்பக்கம் சாய்த்து இரண்டாம் அடுக்கு. நடுவில் எண்ணெயில் ஊறவைத்த பருத்தித் துணி. சாய்வுகள் ஒன்றையொன்று குறுக்கே பிடித்துக்கொள்வதால் உடல் முறுக்கிக்கொள்ளாது, எடையும் குறைவு. புதிதாக இருக்கும்வரை அருமையான அமைப்பு. ஆனால் முப்பது நாற்பது ஆண்டில் அந்தத் துணி உளுத்து, தண்ணீரைப் பிடித்துவைக்கும் திரியாகிவிடும். உள் அடுக்கில் ஒரு முழம் கெட்டால்கூட, அதைத் தொட வெளி அடுக்கில் பல பலகைகளைக் கழற்ற வேண்டும்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கடலிலிருந்து என்று தோன்றும். பெரும்பாலும் அப்படியல்ல, மேலிருந்துதான் வருகிறது. மரத்தை அழுகச் செய்வது பூஞ்சை. அதற்கு ஈரம், காற்று, வெதுவெதுப்பு மூன்றும் வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சையால் வளர முடியாது. 30-ஐ ஒட்டி வந்தால் அதற்குக் கொண்டாட்டம். எப்போதும் நீருக்குள்ளேயே இருக்கும் அடிப்பலகையில் காற்று கிடைக்காது. போதாததற்கு உப்பும் இருக்கிறது. மாங்காயை உப்பு எப்படிக் காக்கிறதோ அப்படித்தான் மரத்தையும் காக்கிறது. அந்தக் காலத்தில் மரக்கப்பல் கட்டியவர்கள் சட்டங்களுக்கு இடையே கல்லுப்பைக் கொட்டி வைத்ததும் இதனால்தான். மழைநீரோ உப்பில்லாத நல்ல தண்ணீர். பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து விட்டுப்போன மேல்தளத்தில் அது சொட்டுச் சொட்டாக இறங்கி, காற்று படும் உயரத்தில், பலகை சட்டத்தோடு சேரும் இடத்தில் தேங்கும். டர்பனில் மழை கொட்டுவதும் புழுங்குவதும் ஒரே கோடையில். பூஞ்சைக்கு இதைவிட என்ன வேண்டும்?

என் பெரியப்பா துறைமுகப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறார். கரையேற்றிய ஒரு மரப்படகைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே நடந்தார். ‘டக், டக்’ என்று போன சத்தம் ஓரிடத்தில் ‘தொப்’ என்றது. பெயின்ட்டில் கீறல்கூட இல்லை. ஊசிமுனைக் கம்பியை வைத்து அழுத்தினார், விரல் நீளத்துக்கு உள்ளே போனது. “பாத்தியா தம்பி, பெயின்ட்டுதான் பலகையா நிக்குது” என்றார். பழுது பார்க்கும் எந்தக் குழுவும் முதலில் செய்வது இந்தத் தட்டும் வேலைதான். ஈரமானி எல்லாம் அப்புறம்.

இரண்டாவது பகை மின்சாரம். இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி உப்புநீரில் நின்றால் அது பேட்டரி. வெண்கல ப்ரொப்பெல்லரும் அலுமினியச் சட்டமும் உள்ள கப்பலில் அலுமினியம்தான் கரையும். அதைத் தடுக்கத் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் துத்தநாகம் கரைந்து மற்றவற்றைக் காக்கும். எஃகுக் கப்பலுக்கு இது நல்ல வைத்தியம். மரக்கப்பலில் அளவு மீறினால் இந்த வைத்தியமே நோய். துத்தநாகத்துக்கும் வெண்கலத்துக்கும் உள்ள மின்னழுத்த வேறுபாடு சுமார் 0.7 வோல்ட். அந்த வேகத்தில் வெண்கல ஆணியைச் சுற்றிக் காரம் உருவாகும். காகித ஆலையில் மரத்தைக் கூழாக்க ஊற்றும் காஸ்டிக் சோடாவும் காரம்தான். மர நாரை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னினை அது கரைத்துவிடும். உள்ளே போய்ப் பார்த்தால் ஆணித் தலையைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு இருக்கும். நகத்தால் சுரண்டினால் மரம் பஞ்சுபோல வரும். ஆணி மட்டும் புத்தம் புதிதாகப் பளபளக்கும். இரும்பு ஆணியில் கதை தலைகீழ். துருப்பிடிக்கும் இடத்தில் அமிலம் உருவாகி, சுற்றியுள்ள மரம் கறுத்து நொறுங்கும். அதனால் கட்டியை எண்ணிப் போடுவதைவிட, வெள்ளி-வெள்ளிக் குளோரைடு மின்முனையை நீரில் இறக்கி, மல்டிமீட்டரில் மின்னழுத்தத்தை அளந்து போடுவதே சரி. இருபது நிமிட வேலை. அதைத் தவறவிட்டுக் கெட்டுப்போன கப்பல்களை நினைத்தால் மனம் ஆறவில்லை.

மூன்றாவது பகை கப்பல் புழு. பெயர்தான் புழு, உண்மையில் சிப்பி இனம். குண்டூசித் துளை வழியே குஞ்சாக நுழைந்து, உள்ளேயே வளர்ந்து, விரல் பருமனில் சுரங்கம் தோண்டும். அதன் செவுள்களில் வாழும் பாக்டீரியாக்கள்தான் மரத்தைச் செரிக்க உதவுகின்றன. வெளியே துளை பெரிதாவதில்லை, எனவே கண்ணுக்குத் தப்பிவிடும். வெப்பக் கடலுக்கு அனுப்பிய மரப்படகுகளுக்குச் செம்புத் தகடு போர்த்தியது இதற்காகத்தான். அலுமினியச் சட்டம் உள்ள கப்பலுக்குச் செம்பு ஆகாது. ‘டன்’ வகையில் பலவற்றுக்கு நைலான் துணியைப் பசையால் ஒட்டினார்கள்.

இன்று பலர் பழைய மரப்படகின்மேல் ஃபைபர் கிளாஸ் பூசிவிட்டால் வேலை முடிந்தது என்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பழைய மரம் ஈரத்துக்கேற்ப விரியும், சுருங்கும். பூச்சு அசையாது. ஓரத்தில் விரிசல் விழுந்து உள்ளே போன மழைநீர் திரும்ப வெளியேற வழியில்லை. கரையேற்றி வைப்பதும் எளிதல்ல. நீர் உடல் முழுவதையும் சமமாகத் தாங்கும், தரையிலோ சில கட்டைகள்தான் தாங்கும். கப்பலின் அடித்தண்டான ஏராமரம் வளையும், காய்ந்த பலகைகள் வாய் பிளக்கும்.

சரியாகச் செய்தால் பலன் உண்டு. 1943-இல் கட்டிய ‘மெடூசா’ என்ற துறைமுகக் காவல் படகு, 1944 நார்மண்டி இறக்கத்தின்போது மற்றக் கப்பல்களுக்குப் பாதை காட்டி நின்றது. கெட்ட பலகைகளைப் பழைய முறையிலேயே மாற்றியதால் இங்கிலாந்தில் இன்னமும் கடலில் ஓடுகிறது. ‘டர்பன்’ கப்பலின் உடன்பிறப்பான ‘பிரானிங்டன்’, சார்ல்ஸ் இளவரசராக இருந்தபோது தலைமையேற்ற கப்பல், கவனிப்பாரில்லாமல் 2016-இல் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில் நிறுத்திவைத்த இடத்திலேயே மூழ்கியது.

டர்பன் தமிழர்களுக்கு இந்தக் கப்பல்கள் அந்நியமல்ல. 1961-இல் இந்தியர்களுக்கான பல்கலைக்கழகக் கல்லூரியை டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில், கடற்படை விட்டுப்போன பாசறைக் கட்டடங்களில்தான் தொடங்கினார்கள். படகேறிப் படிக்கப் போன தலைமுறை தினமும் துறைமுகத்தைக் கடந்தே போனது. அதனால் உரிமையோடு சொல்கிறேன்: பணம் கிடைத்தால் முதல் ரேண்டைப் பெயின்ட்டுக்குக் கொடுக்காதீர்கள், கூரைக்குக் கொடுங்கள். பிளாஸ்டிக் தாளை இறுக்கிக் கட்டினால் போதாது. இரவில் குளிரும்போது அதன் அடியில் நீர் வேர்த்து மரத்திலேயே சொட்டும். மேல்தளத்துக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில், பக்கங்கள் திறந்து, வடகிழக்குக் காற்று ஊடே போகும்படி அமைய வேண்டும். உள்ளறைக் கதவுகளையும் தரைப்பலகைகளையும் வெயில் நாளில் திறந்து வைக்க ஓர் ஆளும் வேண்டும்.