ஒரே படத்துக்கு 30 பெயர்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் லினக்ஸ் கணினியில் 'பேக் இன் டைம்' என்ற இலவச மென்பொருளைப் போட்டு, 1 டெராபைட் வெளி ஹார்ட் டிஸ்க்கில் தினமும் பேக்கப் எடுக்கிறேன். இப்போது 30 கோப்புறைகள் இருக்கின்றன. எதைத் திறந்தாலும் முழுதாக 200 ஜிபி காட்டுகிறது. கூட்டினால் 6 டெராபைட்! டிஸ்க்கோ பாதிக்கு மேல் காலி. மென்பொருள் என்னை ஏமாற்றுகிறதா?"

இல்லை. பேக்கப் ஏன் வேண்டும் என்று இங்கே விளக்கப்போவதில்லை. ஒருமுறை டிஸ்க் போனவர்களுக்கு அது தெரியும். போகாதவர்கள் யார் சொன்னாலும் கேட்கமாட்டார்கள். முதல் நாள் எல்லாம் நகலாகும், மறுநாள் முதல் மாறிய கோப்புகள் மட்டும் நகலாகும் என்பதும் எளிதில் ஊகிக்கக்கூடியதே. அப்படியானால் மாறாத கோப்புகள் மறுநாள் கோப்புறைக்குள் எப்படி வந்து உட்கார்ந்தன?

கோப்பின் பெயர் கோப்போடு ஒட்டியிருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழிவந்த லினக்ஸ் போன்றவற்றில் அப்படி இல்லை. ஒவ்வொரு கோப்புக்கும் 'ஐநோடு' என்று ஒரு குறிப்பு உண்டு. கோப்பு எவ்வளவு பெரியது, யாருடையது, எப்போது மாறியது, டிஸ்க்கில் எங்கெங்கே கிடக்கிறது என்றெல்லாம் அதில் இருக்கும். பெயர் மட்டும் இருக்காது. பெயர் இருப்பது கோப்புறையில். கோப்புறை என்பதே பெயரையும் ஐநோடு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய பட்டியல்தான். ஆகவே ஒரே எண்ணை எத்தனை பட்டியலிலும் எழுதிக்கொள்ளலாம். இதுதான் ஹார்ட் லிங்க். மாறாத கோப்புகளுக்கு உங்கள் மென்பொருள் செய்வதும் இதைத்தான். வீட்டில் 'குஞ்சு', பள்ளியில் 'இராமநாதன்', ஆள் ஒருவன்தானே?

தனக்கு எத்தனை பெயர் என்ற கணக்கையும் ஐநோடு வைத்திருக்கிறது. என் பேக்கப் டிஸ்க்கில் அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படம் ஒன்றுக்கு அந்த எண் 30 என்று காட்டியது. மிகப் பழைய கோப்புறையை அழித்தேன். 29 ஆயிற்று, படம் அசையவில்லை. முதலில் வைத்த பெயர்தான் மூலம், மற்றவை அதன் நிழல் என்ற பேதமே கிடையாது. யூனிக்ஸில் அழிப்பதற்கான செயலின் பெயரே 'அன்லிங்க்', அதாவது முடிச்சை அவிழ்ப்பது. எண் பூஜ்யத்துக்கு வந்தால்தான் அந்த இடம் வேறு கோப்புக்குத் திறக்கும்.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் மல்டிக்ஸ் என்ற இயங்குதளத் திட்டத்திலிருந்து விலகிய பிறகு, அதிகம் பயன்படாமல் கிடந்த ஒரு பிடிபி-7 கணினியில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். இந்த ஏற்பாடு அப்போதே அதில் இருந்தது. ('ஐநோடு' என்பதில் உள்ள 'ஐ' எதைக் குறிக்கிறது என்று பின்னாளில் கேட்டபோது, 'இண்டெக்ஸ்' ஆக இருக்கலாம் என்று ரிச்சியே ஊகமாகத்தான் சொன்னார்.) வீட்டுப் புகைப்படங்களை யார் அன்று நினைத்திருப்பார்கள்? ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் முதல் பக்கத்திலேயே 'சமூகப் பயன்' என்ன என்று எழுதச் சொல்லும் நம் படிவங்களைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

வாசகருக்குச் சில எச்சரிக்கைகள். பேக்கப்பில் உள்ள படத்தைத் திறந்து அங்கேயே திருத்தாதீர்கள். முப்பது பெயரிலும் அது மாறிப்போகலாம். டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் வடிவங்கள் பல; அவற்றில் எக்ஸ்ஃபேட் வடிவில் உள்ள டிஸ்க்கில் ஹார்ட் லிங்க் இயலாது. புது டிஸ்க் வாங்கினால், எதையும் ஏற்றுவதற்கு முன்பே இஎக்ஸ்டி4 வடிவுக்கு மாற்றிவிடுங்கள். வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். செருகியே இருந்தால், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும்.

முக்கியமாக, 30 பெயர் இருந்தாலும் படம் ஒன்றுதான். அது கிடக்கும் இடம் பழுதானால் முப்பதும் போயிற்று. அதனால் இன்னொரு டிஸ்க் வேண்டும், அதுவும் வேறு கூரைக்குக் கீழே. என்னுடையது அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகும்போது இங்கிருப்பதை அங்கே வைத்துவிட்டு, அங்கிருப்பதை எடுத்து வருகிறேன்.